நாய் வாந்தியெடுத்தால் காத்திருக்கலாமா?

புல்லைத் தின்று ஒருமுறை வாந்தியெடுத்த நாய், பின்னர் வாலாட்டியபடி ஓடிவந்தால் நாம் அஞ்ச வேண்டியதில்லை. வளர்ந்த நாயாயின் சில மணி நேரம் உணவை நிறுத்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்துக் கவனித்தால் பெரும்பாலும் போதும்.

ஆனால், சில அறிகுறிகளைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது. வயிறு உப்பியிருக்க, பலமுறை ஓங்கரித்தும் எதுவும் வெளிவராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் இது மிகுதி. உடனே அறுவை சிகிச்சை செய்யாவிடில் சில மணி நேரத்தில் உயிர் போகும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியோடு இரத்தக் கழிச்சலும் கண்டால் அது பார்வோ நோயாக இருக்கலாம். வாந்தியில் இரத்தம், வெளிறிய ஈறு, தள்ளாட்டம், குடித்த நீரும் தங்காமை ஆகியனவும் அவசர நிலையே.

சாக்லேட், உலர் திராட்சை, எலி மருந்து ஆகியவற்றைத் தின்றுவிட்டால், வாந்தி வரும்வரை பார்த்திராமல் அதன் உறையோடு மருத்துவரிடம் விரைவோம். உப்புநீர் புகட்டுவதும், நாம் உண்ணும் வலிநிவாரணி மாத்திரையைக் கொடுப்பதும் தீங்கானவை.

இரவிலும் இயங்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்வோம். அவசரச் செலவுக்கென ஒரு சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவைப்போம். நள்ளிரவில் பணத்தை எண்ணித் தயங்கும் நிலை நமக்கு வரவேண்டாம்.