'பெர்ஹாப்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்: தமிழாக்க நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு செய்தியை உறுதியாகக் கூறுவதும் ஐயத்தோடு கூறுவதும் ஒன்றல்ல. ஆய்வுரைகளில் இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் ஐயத்தை உணர்த்தும் சொற்களுள் ஒன்று 'பெர்ஹாப்ஸ்'. இதற்கு இணையாகத் தமிழில் 'ஒருவேளை' என்னும் சொல்லே பெரும்பாலும் வழங்கப்படுகிறது. அது பிழையன்று, ஆயினும் எல்லா இடங்களிலும் பொருந்துவதன்று. அச்சொல்லின் பொருள் வகைகளையும், அவற்றிற்கு ஏற்ற தமிழ் வடிவங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பிறப்பு

'பெர்' என்பது இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த முன்னொட்டு. 'வழியாக, ஆல்' என்னும் பொருளது. 'ஹாப்' என்பது தற்செயல், நற்பேறு ஆகிய பொருள்களைத் தரும் பழைய நார்சு மொழிச்சொல். 15ஆம் நூற்றாண்டில் ஒருமை வடிவிலும் 16ஆம் நூற்றாண்டில் பன்மை வடிவிலும் இக்கூட்டுச்சொல் வழங்கியது. 'தற்செயலாக நேரின்' என்பதே இதன் அடிப்படைக் கருத்து. நிகழ்தலைக் குறிக்கும் 'ஹாப்பன்', மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஹாப்பி' ஆகியனவும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

இதே பொருளில் முன்பு வழங்கிய 'பெர்சான்ஸ்', 'பெரட்வெஞ்சர்' ஆகியன இன்று வழக்கிழந்தன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், சோதோம் நகருக்காக ஆபிரகாம் மன்றாடும் பகுதியில் 'பெரட்வெஞ்சர்' மீண்டும் மீண்டும் வருகிறது. தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தில் 'ஒருவேளை' இடம்பெற்றுள்ளது. ஆங்கிலச் சொல் தற்செயலை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. தமிழ்ச்சொல்லோ காலத்தை அடிப்படையாகக் கொண்டு பிறந்தது. இவ்வாறு வேர் வேறாயினும் இரண்டும் ஐயப்பொருளில் சந்திக்கின்றன.

பொருள் வகைகள்

'பெர்ஹாப்ஸ்' உணர்த்தும் பொருள்களை நான்காகப் பகுக்கலாம்.

1. மெய்யான ஐயம்: பேசுபவருக்கு உண்மை தெரியாத நிலை. 'அவர் உடல்நலம் குன்றியிருக்கலாம்' என்பது போன்ற தொடர்கள் இதற்கு ஏற்றவை.

2. தோராய அளவு: எண்ணுப்பெயருக்கு முன் வரும்போது இச்சொல் அளவின் உறுதியின்மையை மட்டும் காட்டும். 'ஒருவேளை இருபது பேர் வந்தனர்' என்பது தமிழ் மரபன்று. 'இருபது பேர் அளவில் வந்திருக்கலாம்' என்பதே இயல்பு.

3. பணிவு: 'பெர்ஹாப்ஸ் நீங்கள் சாளரத்தைத் திறக்கலாம்' என்னும் அமைப்பில் ஐயம் எதுவுமில்லை, வேண்டுகோளே உண்டு. தமிழில் 'சாளரத்தைச் சற்றுத் திறக்கிறீர்களா?' என்னும் வினா அப்பணிவைத் தரும்.

4. மதிப்பீட்டில் அடக்கம்: ஒருவரை அவர் காலத்தின் தலைசிறந்த புலவர் எனக் கூறுகையில் ஆங்கிலத்தார் இச்சொல்லைச் சேர்ப்பர். 'ஒருவேளை அவர் தலைசிறந்த புலவர்' என மொழிபெயர்ப்பின் பாராட்டு ஏளனமாக ஒலிக்கும். 'தலைசிறந்த புலவர் எனலாம்' என்பது பொருந்தும்.

தமிழில் ஐயப்பொருள்

தொல்காப்பிய இடையியல் 'கொல்' என்னும் இடைச்சொல்லை ஐயப்பொருளுக்கு உரியதாகக் கூறுகிறது. இக்காலத் தமிழில் அப்பணியைப் பெரும்பாலும் வினைமுற்றின் இறுதியே ஏற்கிறது. 'வரலாம்', 'வரக்கூடும்', 'வந்தார் போலும்' ஆகிய மூன்றும் ஒன்றல்ல. 'வரலாம்' என்பது இசைவையும் குறிக்கும், வாய்ப்பையும் குறிக்கும். 'அவர் நாளை வரலாம்' எனும்போது அனுமதியா, எதிர்பார்ப்பா என்பது சூழலால் மட்டுமே விளங்கும். 'வரக்கூடும்' வாய்ப்பை மட்டும் குறிக்கும். 'போலும்' கண்ட அடையாளத்திலிருந்து பெற்ற ஊகத்தைக் காட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு இசைவுப்பொருள் இல்லையாதலால், பொருள் மயங்கும் இடங்களில் 'கூடும்' என்பதே பாதுகாப்பானது. 'ஒருவேளை' சேர்ப்பினும் அம்மயக்கம் நீங்கும்.

மேலும், 'ஒருவேளை மழை பெய்தால்' என்பதுபோல நிபந்தனை எச்சத்தோடு வருவது தமிழ்ச்சொல்லின் இயல்பு. 'பெர்ஹாப்ஸ்' நிபந்தனையை அமைப்பதில்லை.

ஐயத்தின் எல்லை

ஆங்கிலச் சொல் தொடரின் எப்பகுதியை ஒட்டி நிற்கிறதோ அப்பகுதியை ஐயத்திற்கு உரியதாக்கும். தமிழில் ஐயம் வினைமுற்றில் அமைவதால் தொடர் முழுவதும் ஐயமாகிவிட வாய்ப்புண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு கல்வெட்டின் காலம் உறுதியாகத் தெரிந்து, பொறித்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஐயமாக உள்ளது எனக் கொள்வோம். ஆங்கிலத்தில் 'இருவர்' என்பதற்கு முன் 'பெர்ஹாப்ஸ்' நிற்கும். அதனை 'இருவர் பொறித்த இக்கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம்' எனப் பெயர்த்தால் உறுதியான காலம் ஐயமாகிறது. ஐயமான எண்ணிக்கை உறுதியாகிறது. 'இக்கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இதனைப் பொறித்தோர் இருவராக இருக்கக்கூடும்' என இரண்டாகப் பிரிப்பதே முறை.

முடிவுரை

'பெர்ஹாப்ஸ்' என்பதற்கு ஒரே தமிழ்ச்சொல்லை நிலையாகக் கொள்வது பொருந்தாது. முதலில் பொருள் வகையையும், அடுத்து ஐயத்தின் எல்லையையும் கண்டறிந்து, அதன்பின் வடிவத்தைத் தேர்தல் வேண்டும். இச்சொல் மொழிபெயர்ப்பில் விடுபட்டால் மூல ஆசிரியரின் கருதுகோள் முடிவாக மாறும். அதனை மேற்கோளாகக் கொள்ளும் பிற்கால ஆய்வுகளிலும் அப்பிழை தொடரும். எனவே ஐயத்தை ஐயமாகவே பெயர்ப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.