இல்லை என்று சொல்லாத மறுப்பு

ஆங்கிலத்தில் ஒருவர் 'ஐ ஆம் நாட் ஷ்யூர்' என்று சொன்னால், அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பதுதான் அகராதிப் பொருள். ஆனால், ஆய்வரங்கிலோ அலுவலகக் கூட்டத்திலோ அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் மிக உறுதியாகவே இருக்கிறார். நீங்கள் சொல்வது தவறு என்பதில்தான் அவருக்கு அந்த உறுதி.

இத்தகைய தொடர்கள் ஆங்கிலத்தில் ஏராளம். 'ஐ ஹியர் வாட் யூ சே' என்றால் உங்கள் பேச்சு காதில் விழுந்தது என்பது மட்டுமே பொருள். ஏற்றுக்கொண்டதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. 'இன்ட்ரஸ்டிங்' என்று பாராட்டப்பட்ட யோசனை அடுத்த கூட்டத்தில் பேசப்படாமலே போய்விடும். 'வித் ரெஸ்பெக்ட்' என்று வழக்குரைஞர் தொடங்கினால், மறுப்பு வரப்போகிறது என்பதை நீதிபதி அறிவார். அது 'வித் கிரேட் ரெஸ்பெக்ட்' ஆகி, 'வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று உயரும்போது, மரியாதையோடு மறுப்பின் கடுமையும் ஏறுகிறது. நம் உயர்நீதிமன்றங்களிலும் இதைக் கேட்கலாம்.

இதை வெள்ளைக்காரர்களின் பாசாங்கு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதற்கு அம்மொழியின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருப்பதாக நான் கருதுகிறேன். 'நீ' என்பதற்கு இணையாக ஆங்கிலத்தில் இருந்த 'தௌ' என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே பொதுவழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று பேரனுக்கும் பிரதமருக்கும் ஒரே 'யூ'தான்.

தமிழில் மரியாதை விகுதியில் குடியிருக்கிறது. 'அது சரியா வராதுங்க' என்று கொங்குநாட்டு விவசாயி ஒருவர் தம்மைவிட மூத்தவரிடம் சொல்லும்போது, மறுப்பு அப்பட்டமானது. அந்த 'ங்க' அதைத் தாங்கிக்கொள்கிறது. அப்படியொரு விகுதி இல்லாத ஆங்கிலம் முழு வாக்கியத்தையும் வளைத்தாக வேண்டியிருக்கிறது. இந்த நொடியில் எழும் ஐயத்தை 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று இறந்த காலத்தில் தள்ளிவைக்கிறது. 'அது தவறு என நினைக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'அது சரி என நினைக்கவில்லை' என்று எதிர்மறையைக் கருத்திலிருந்து எடுத்து நினைப்பின் மீது வைக்கிறது. வாக்கியத்தின் வாலில் 'இஸின்ட் இட்?' என்று ஒரு கேள்வியைத் தொங்கவிட்டு, முடிவைக் கேட்பவரிடமே ஒப்படைக்கிறது. 'மைட்', 'பெர்ஹாப்ஸ்', 'எ லிட்டில்', 'நாட் என்டயர்லி' ஆகியவையெல்லாம் அங்கே ஏறத்தாழ நம் 'ங்க' செய்யும் வேலையைச் செய்கின்றன.

இந்தப் பணிவுமொழி குறித்து உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978-இல் வெளியிட்டது. அவர்கள் ஒப்பிட்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் மாயன் மொழிகளில் ஒன்றான செல்டால், தமிழ். தமிழுக்கான களம் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்று. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வு, பழக்கத்தின் நெருக்கம், சொல்லவரும் செய்தியின் பாரம் ஆகிய மூன்றையும் எடைபோட்டே மனிதர்கள் சொற்களைத் தேர்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. கேட்பவரின் 'முகம்' காக்கப்படுவதே இதன் நோக்கம் என்றார்கள். 'முகம் கோணாமல்', 'முகத்தில் அடித்தாற்போல்', 'முகத்தை முறித்து' என்றெல்லாம் பேசும் நமக்கு இது புதிய செய்தியன்று.

மறைமுக மறுப்பும் நமக்குப் புதிதன்று. பெண் கேட்டு வந்தவரிடம் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த வரனைத் தேடத் தொடங்கிவிடுவார். எந்த அகராதியும் அவருக்குத் தேவையில்லை. சிக்கல் எழுவது ஒருவருடைய 'பார்க்கலாம்' இன்னொருவருக்குப் புரியாதபோதுதான். எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் பிரிட்டனில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். 'மூன்றாம் இயலை இன்னொரு முறை பார்க்க நீங்கள் விரும்பக்கூடும்' என்ற பொருளில், 'யூ மைட் வாண்ட் டு' என்று தொடங்கி நெறியாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். விருப்பம் தம்முடையது என்றெண்ணிய மாணவர், அந்த இயலைத் தொடாமல் மற்ற இயல்களை முடித்தார். அந்த இயலை அடியோடு மாற்றி எழுதுக என்பதே அக்குறிப்பின் பொருள் என்பது அவருக்கு விளங்கியபோது ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்தது, உதவித்தொகையும் முடிந்திருந்தது. நம் பேச்சு ஆங்கில வகுப்புகளில் 'மைட்' என்றால் 'ஒருவேளை' என்று மட்டுமே சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கட்டளையாகவும் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

என் துறையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க மைய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 1996 டிசம்பர் 5-ஆம் நாள் ஆற்றிய நீண்ட உரையின் நடுவே, பங்கு விலைகள் அறிவுக்குப் பொருந்தாத உற்சாகத்தால் ஏறியிருந்தால் அதை நாம் அறிவது எப்படி என்று கேட்டார். அவர் எதையும் மறுக்கவில்லை; கேள்விதான் கேட்டார். ஆனால், மறுநாள் டோக்கியோ தொடங்கிப் பல பங்குச் சந்தைகள் சரிந்தன. அந்தப் பேச்சின் இலக்கணம் வணிகர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எல்லாக் கேட்போரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கிடையிலும் இது தவறிப்போனதுண்டு. 1982 ஜனவரி 13-ஆம் நாள், பனி பொழிந்துகொண்டிருந்த வாஷிங்டனில் ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஓடுபாதையில் விரைந்தது. இயந்திரத்தின் உந்துவிசையைக் காட்டும் கருவி, உறைபனியால் தவறான அளவைக் காட்டியது. துணை விமானி அதைக் கவனித்துவிட்டார். 'அது சரியாகத் தெரியவில்லை, இல்லையா?' என்று தொடங்கினார். 'அது சரியில்லை' என்று ஒருகணம் நேராகவும் சொன்னார். சரிதான் என்றார் தலைமை விமானி. 'அது சரி என்று நான் நினைக்கவில்லை' என்று மறுத்த துணை விமானி, அடுத்த மூச்சிலேயே 'ஒருவேளை சரியாக இருக்கலாம்' என்று இறங்கிவந்தார். எழும்பிய சிறிது நேரத்தில் விமானம் ஒரு பாலத்தில் மோதி, போட்டோமாக் ஆற்றின் உறைநீரில் வீழ்ந்தது. பாலத்தில் வாகனங்களில் இருந்த நால்வர் உள்பட 78 பேர் மாண்டனர். துணை விமானி சுட்டிக்காட்டியும் புறப்பாட்டைக் கைவிடாததை, விபத்தின் காரணங்களுள் ஒன்றாக விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

அவர் கோழையல்லர். வாலில் தொங்கும் கேள்வி, நினைப்பின் மீது வைத்த எதிர்மறை, 'ஒருவேளை' என மேலதிகாரியிடம் பேச அவருடைய மொழி கொடுத்திருந்த கருவிகளையே அவர் கையாண்டார். நிதானமான கூட்டத்துக்கு ஏற்ற கருவிகள், நொடிகளே இருந்த விமானி அறைக்குள் பயன்படவில்லை.

பின்னாளில் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக உருவான ஒரு பயிற்சி இதற்குப் படிக்கட்டு ஒன்றை அமைத்தது. மருத்துவரின் முடிவில் ஐயம் கொள்ளும் செவிலியர், 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று தொடங்க வேண்டும். செவிசாய்க்காவிட்டால், 'இது எனக்கு ஒப்பவில்லை' என்று சொல்ல வேண்டும். அதற்கும் பயனில்லையெனில், 'இது பாதுகாப்புப் பிரச்சினை' என்று சொல்லி வேலையை நிறுத்தலாம். முதல் இரண்டும் தம் உணர்வைச் சொல்வதால் எதிரிலிருப்பவரின் முகம் கோணாது. மூன்றாவதில் 'மைட்' இல்லை, 'பெர்ஹாப்ஸ்' இல்லை. பள்ளியிலிருந்தே சுற்றிவளைத்துப் பேசப் பழகிய ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் அந்தக் கடைசிப் படியில் ஏறுவதற்குத்தான் தனிப்பயிற்சி தேவைப்படுகிறது.