உறுதியா, பிடிவாதமா?

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகிற வழியில், திரிங்காப் காய்கறிக் கடைகளைப் பார்த்ததும் காரை நிறுத்தாதவர்கள் குறைவு. கோஸை எடுத்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: விரலால் ஓர் அழுத்து. கெட்டியாக இருந்தால்தான் பைக்குள் போகும். அந்தக் கெட்டித்தனத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்’ என்று பெயர்.

சின்னச் சொல்தான், ஆனால் வேலை அதிகம். மெத்தைக்குச் சொன்னால் அமுங்காதது. விலைக்குச் சொன்னால் இறங்காதது. ‘ஃபர்ம் ஆஃபர்’ என்றால், சொன்ன சொல் மாறாது என்று பொருள். வேலை நிரந்தரமானதும் ‘கன்ஃபர்ம் ஆயிடுச்சு’ என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

மூலம் ‘ஃபிர்முஸ்’ என்ற லத்தீன் சொல். ஆவணத்தை உறுதி செய்வது கையெழுத்து. அதனால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கையெழுத்துக்கு இன்றும் ‘ஃபிர்மா’ என்றே பெயர். அந்தக் கையெழுத்தின் பெயரில் நடந்த வணிகம் பிறகு நிறுவனத்தையே குறித்தது. மலாயில் வழக்கறிஞர் நிறுவனத்தை ‘ஃபிர்மா குவாமான்’ என்பதும் இதனால்தான்.

பண்ணையைக் குறிக்கும் ‘ஃபார்ம்’ கூட இதன் உறவுதான். இடைக்காலத்தில் ‘ஃபிர்மா’ என்றால் மாறாத குத்தகைத் தொகை. குத்தகைக்கு எடுத்த நிலத்துக்கே பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேமரன் மலையிலோ காய்கறி விவசாயிகள் பலர் பல்லாண்டுகளாகத் தற்காலிக உரிமத்தில்தான் பயிர் செய்து வந்தார்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகிவிடும். ‘ஃபார்ம்’ என்ற சொல்லில் இருக்கும் உறுதி அவர்கள் காலடி மண்ணில் இல்லை.

வீட்டுக்குள் வந்தால் இந்தச் சொல்லுக்குச் சோதனை இன்னும் கடுமை. 1948இல் பிபிசி வானொலியில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வேடிக்கையாக ஒன்று சொன்னார். ஒரே குணம்தான், நம்மிடம் இருந்தால் உறுதி, எதிரே இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம், அங்கே இல்லாதவரிடம் இருந்தால் முட்டாள்தனம் என்பது அதன் சாரம். பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று நாம் சொல்லும் அதே நேரத்தில், அவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?

வள்ளுவர் 67ஆம் அதிகாரத்துக்கு ‘வினைத்திட்பம்’ என்று பெயர் வைத்தார். திட்பம் செயலில் தெரிய வேண்டும், சத்தத்தில் அல்ல. இரவு பத்து மணிக்குக் கைப்பேசி கூடாது என்றால், குரலை உயர்த்தாமல் ஒரு முறை சொல்லுங்கள். நாளைக்கும் அதையே சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியையும் அதே நேரத்தில் எடுத்து வையுங்கள்.