இரண்டு பல் குறைந்த சக்கரம்

இந்தத் தொடரில் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சென்ற வாரத்தோடு முடிந்தன. செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத காரில் அவற்றை மறுபடியும் கிளற வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தவை பெட்ரோல் பம்ப்பும் அதன் ரிலேயும். ஆனால் பம்ப்புக்குத் தொடர்ந்து மின்சாரம் விடலாமா என்று தீர்மானிக்கும் எஞ்சின் கணினி, அதற்கு முன் வேறொரு சாட்சியைக் கேட்கிறது. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் பம்ப்பைக் கழற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைக்கு அடியில் சுமார் 2 விநாடி ரீங்காரம் கேட்டு அடங்குவது, பெரும்பாலான பெட்ரோல் கார்களில் குழாயில் அழுத்தம் ஏற்றும் பம்ப்பின் ஓசையாகும். அதன்பின் கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது என்ற செய்தி வந்தால்தான் கணினி பம்ப்பைத் தொடர்ந்து ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதே இதன் காரணம். ஸ்பார்க்கும் இன்ஜெக்டரும் அதே செய்திக்கே காத்திருப்பதால், ஸ்பார்க், பெட்ரோல் இரண்டும் ஒருசேர இல்லாமற்போவது, அந்தச் செய்தியை அனுப்பும் சாட்சியான கிராங்க் சென்சாரைச் சுட்டும் முதல் தடயம்.

இந்தச் சென்சார் படிப்பது கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் ஒரு பற்சக்கரத்தை. அதன் பரவலான வடிவத்தில் 60 பற்களுக்கு இடமிருந்தும் 58 மட்டுமே வெட்டப்பட்டிருக்கும். பல்லுக்குப் பல் 6 பாகை. செல்ஃப் அதை நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் சுழற்றும்போது 4 மில்லிவிநாடிக்கு ஒரு பல் கடந்து செல்ல, பல் இல்லாத இடம் வரும்போது மட்டும் அடுத்த துடிப்பு 12 மில்லிவிநாடி கழித்து வருகிறது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி கண்டுகொள்வது அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான்.

சென்சாரில் இரு வகை உண்டு. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளால் ஆன இரண்டு வயர் வகை தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஹால் வகை எனப்படும் மூன்று வயர் வகைக்கு மின்சாரம் தரப்பட வேண்டும். அதன் வரலாறோ பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1879இல் அங்கே ஹென்றி ரோலண்டின் மாணவராயிருந்த எட்வின் ஹால், கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தாளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை நிறுத்தியபோது, தாளின் இரு ஓரங்களுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றக் கண்டார். ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை இனங்கண்டது 1897இல். அதாவது ஓரத்துக்குத் தள்ளப்படுவது எது என்று உலகுக்குத் தெரிவதற்கு 18 ஆண்டுகள் முன்பே அந்தத் தள்ளல் அளக்கப்பட்டுவிட்டது. தங்கத்தில் அது அற்பமான அளவே. குறைக்கடத்திகள் வந்த பிறகுதான் அந்த விளைவையும் அதைப் பெருக்கும் சுற்றையும் ஒரே சில்லில் அடக்கி, எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் மண்டிய இடத்தில் பொருத்த முடிந்தது. பட்டறைத் தரையில் கிடக்கும் கட்டைவிரல் அளவுப் பொருளுக்குள் இவ்வளவு இயற்பியல் இருக்கும்போது பம்ப் ஒரு வாரம் காத்திருப்பதில் தவறில்லை.

சோதனை எளிது. செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் சற்றே எழுந்தால் செய்தி வருகிறது என்று கொள்ளலாம். முள் அசையாவிட்டால் ஐயம் வலுக்கும், எனினும் எல்லா மாடல்களிலும் இது தீர்ப்பாகாது. ஸ்கேனர் காட்டும் பி0335 என்ற குறியீடும் பழுது சென்சாரின் மின்சுற்றில் உள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தச் சுற்றில் வயரும் கப்ளரும், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியும், அடக்கம்.

சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் கப்ளரையே முதலில் சந்தேகிக்க வரலாற்றுக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே வெள்ளம் புகுந்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்கள் பட்டறிந்தவர்களே. நீரில் நின்ற காரில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் தப்பினாலும், கிராங்க் சென்சார் பெரும்பாலும் தாழ்வான இடத்தில் அமைந்திருப்பதால் நீர் அதன் கப்ளருக்குள் எளிதில் புகுந்து, பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு படர்ந்து, மாதங்கள் கழித்து ஒருநாள் இணைப்பு அறுகிறது.

மூன்று வயர் கப்ளரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரால் பார்த்தால், ஒரு முனையில் மாடலைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட்டும், இன்னொன்றில் நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். 5 வோல்ட் வயரில் டெஸ்ட் லேம்ப் வைப்பது கணினிக்கே கேடு. இரண்டு வயர் சென்சாரின் மின்தடையை ஓம் அளவில் பார்க்கலாம். ஹால் வகைக்கு அச்சோதனை பொருந்தாது. பெருங்களத்தூர் நெரிசலில் சூடேறியதும் நின்று, அரைமணி ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகும் காரில், குளிர்ந்த நிலையில் எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது. நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் அளக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்து, முள்ளும் எழுந்து, அப்போதும் ரீங்காரம் கேட்கவில்லையென்றால் மட்டுமே ரிலேயின் 30, 85, 86, 87 எண் முனைகள் பக்கம் போக வேண்டும். அவை அடுத்த வாரம்.