கத்தி இல்லாத ஆபரேஷன்!

பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்தால் காகிதம் கருகும், கண்ணாடியோ கருகுவதில்லை! கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டிக்கும் இதே வித்தைதான்.

காதுக்குக் கேளாத ஒலி அலைகளை வயிற்றுக்கு வெளியிலிருந்தே குவிக்கிறார்கள். தோலில் கீறல் இல்லை. அலைகள் கூடும் இடத்தில் சூடு சுமார் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். கட்டியின் அப்பகுதி வெந்து மடியும். எம்.ஆர்.ஐ. படத்தில் டாக்டர் அதைக் கவனித்தபடியே இருப்பார்.

அமெரிக்காவில் 2004-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2023-ல் ஈரல் கட்டிகளை ஒலியால் சிதைக்கும் முறையும் அனுமதி பெற்றது. அங்கே வேலை செய்வது சூடல்ல, நுண்குமிழிகள்!

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. காற்றடைந்த குடல் குறுக்கிட்டால் அலை தடைப்படும். நார்க்கட்டி மெல்லத்தான் சுருங்கும். மீண்டும் வளரவும் கூடும். ஆயினும், கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்றதும் கலங்கும் பெண்கள், "வேறு வழி உண்டா, டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?