போதை யாருக்குச் சாக்கு?

"வெள்ளமடிச்சவனுக்குப் போதம் இருக்குமா? விட்டிரு மக்ளே." குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு பெண்ணிடம் எவனாவது குடித்துவிட்டு அத்துமீறினால், சமரசம் பேச வருகிறவர்களின் முதல் பேச்சு இப்படித்தான் இருக்கும். அந்தப் பெண் குடித்திருந்தாலோ நியாயம் அப்படியே தலைகீழாகிவிடும். குற்றம் முழுக்க அவள்மேல் விழும்.

சட்டம் இதற்கு நேர் எதிர். தானாகக் குடித்தவனைத் தெளிவோடு இருந்தவனுக்குரிய அறிவோடு செய்தவனாகவே நடத்த வேண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 24-ஆம் பிரிவு. போதையால் விளைவு புரியாத நிலையில் இருக்கும் பெண் சொல்லும் 'சரி' சம்மதமே ஆகாது என்கிறது 63-ஆம் பிரிவு. போதை அவளாகக் குடித்ததா, பிறர் கொடுத்ததா என்று அது பார்ப்பதில்லை. 1983-லேயே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி இது. 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் இடமில்லை.

மது மனிதனை மிருகமாக்குகிறது என்கிறார்களே, அது உண்மையா? மது தடையைத் தளர்த்துகிறது, நிதானத்தைக் கெடுக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1975-இல் அமெரிக்காவில் ஆலன் லாங் குழு நடத்திய சோதனை வேறொன்றையும் காட்டியது. சிலருக்கு வோட்கா கலந்த டானிக், சிலருக்கு வெறும் டானிக். குடித்தது எது என்று இரு தரப்பிலும் பாதிப் பேரிடம் மாற்றிப் பொய் சொன்னார்கள். வோட்கா குடித்ததாக நம்பியவர்களே சோதனையில் எதிராளியாக வைக்கப்பட்டவருக்குக் கூடுதல் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். உள்ளே போனது வெறும் டானிக்காக இருந்தபோதும்கூட. அது பாலியல் வன்முறை பற்றிய சோதனையல்ல. ஆனாலும், குடித்தவனுக்கு மன்னிப்பு உண்டு என்று ஓர் ஊரே நம்பினால், அந்த நம்பிக்கையே அவனுக்குத் துணிச்சலாகிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பேச்சிப்பாறைப் பக்கம் தொலைவும் வேலை நேரமும் அவனுக்குத் துணை நிற்கின்றன. ரப்பர் பால் வெட்டு விடியுமுன் தொடங்குகிறது. காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்கு அணையைப் படகில் கடக்க வேண்டும். பெண்ணின் இரத்தத்திலுள்ள மதுவோ மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். "காலையில பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் சாட்சியத்தை அழிக்கிறது. நடந்தது நினைவில் இல்லை என்பதால் பெண் பொய் சொல்கிறாள் என்று ஆகாது. மயங்கி விழாதவருக்கும் மது நினைவைப் பதியவிடாமல் செய்யும்.

உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு, தனியார் எதுவானாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தந்தாக வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.