பழைய மென்பொருளை அப்படியே கிளவுட்ல ஏத்தலாமா? போர்ட் கிள்ளானிலிருந்து ஒரு விளக்கம்

மலேசியாவோட போர்ட் கிள்ளான் துறைமுகத்துல, 20 அடிக் கணக்குல பார்த்தா, வருஷத்துக்கு 1 கோடியே 40 லட்சம் கண்டெய்னருக்கு மேல கையாள்றாங்க. வெஸ்ட்போர்ட்ஸ், நார்த்போர்ட் கிரேன்கள் தூரத்துலேருந்தே தெரியும். இறக்குமதிக்கு கே1, ஏற்றுமதிக்கு கே2னு சுங்கப் பாரம் தயார் பண்ணி, லோரி ஏற்பாடு செஞ்சு, கடைசியில பில் போடுற ஃபார்வர்டிங் அலுவலகங்களை யாரும் கவனிக்கிறதில்ல. அந்த பில் போடுற மென்பொருளைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

இந்த மாதிரி மென்பொருள் ஒண்ணை எடுத்துக்குவோம். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுல எழுதினதுன்னு வச்சுக்குங்க. ஃபாக்ஸ்ப்ரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியிலேயே நிறுத்திடுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல 6 விழுக்காடு பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி) வந்துச்சு. 2018 ஜூன்ல அது பூஜ்யமாச்சு, செப்டம்பர்ல விற்பனை, சேவை வரி (எஸ்எஸ்டி) வந்துச்சு. 2024 மார்ச்ல லாஜிஸ்டிக்ஸ் சேவைக்கும் 6 விழுக்காடு சேவை வரி. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புரோகிராமர் வந்து ஒட்டுப் போட்டிருப்பார். எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை, எந்தக் கட்டணத்துக்கு வரி கிடையாதுங்கிற கம்பெனியோட விதிகள் எல்லாம் அந்த ஒட்டுகளுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கேயும் எழுதி வைக்கல. பழசைத் தூக்கிப் போட முதலாளி தயங்குறார்னா, அந்தத் தயக்கம் நியாயமானது.

ஆனா இப்போ சும்மா இருக்கவும் முடியாது. இ-இன்வாய்ஸ் வந்துடுச்சு. 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தொடங்கி, 2025 ஜனவரியில 25 மில்லியன், ஜூலையில 5 மில்லியன்னு இறங்கி வந்துச்சு. பில் விவரங்களை எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவத்துல, டிஜிட்டல் கையொப்பத்தோட, உள்நாட்டு வருமான வரி வாரியத்தோட மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு அனுப்பணும். அது சரிபார்த்து ஒரு அடையாள எண் கொடுக்கும். நம்ம பழைய மென்பொருள்ல வாங்குறவரோட வரி எண்ணைப் போடவே இடம் இருக்காது.

உடனே ஒருத்தர் வந்து, "சர்வரை அப்படியே கிளவுட்டுக்கு மாத்திடலாம்"னு சொல்வார். கிளவுட் இப்போ பக்கத்துலயே இருக்கு, உண்மைதான். அமேசான் 2024 ஆகஸ்ட்லயும் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாசத்துலயும் மலேசியாவுக்குள்ளேயே அவங்க கிளவுட் மையங்களைத் திறந்துட்டாங்க. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய மென்பொருள் ஒரு மாசாந்தர அறிக்கை எடுக்க, தரவுக் கோப்பைப் பத்தாயிரம் தடவை தொடுதுன்னு வச்சுக்குவோம். அலுவலகத்துக்குள்ள ஒரு தடவைக்கு அரை மில்லிசெகண்ட். மொத்தம் 5 வினாடி. சர்வர் மட்டும் கிளவுட்டுக்குப் போய், ஒரு தடவைக்குப் பத்து மில்லிசெகண்ட் ஆச்சுன்னா 100 வினாடி. இணையம் நடுவுல ஒரு நொடி அறுந்தா கோப்பே கெட்டுப் போகலாம். மென்பொருளையும் சேர்த்து மேல ஏத்தினா வேகம் சரியாகும். ஆனா லைசென்ஸுக்காக யுஎஸ்பியில சொருகி வச்சிருக்கிற டாங்கிளை எங்கே சொருகுறது? கார்பன் காகிதத்துல அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு யார் வழி சொல்றது? இதுக்கெல்லாம் தீர்வு உண்டு. ஆனா அவ்வளவு செலவு பண்ணி முடிச்ச பிறகும் வாங்குறவரோட வரி எண்ணுக்கு இடம் வந்திருக்காது.

நான் சொல்றது வேற வழி. பனைமரத்து இடுக்குல ஆலம்விதை விழுந்து, விழுதுவிட்டு, பல வருஷத்துல மரத்தையே சுத்திக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஆஸ்திரேலியக் காட்டுல அப்படி வளர்ற அத்தி மரங்களை வச்சு மென்பொருள் நிபுணர் மார்ட்டின் ஃபவுலர் 2004ல, பழைய மென்பொருளைச் சுத்திப் புதுசை வளர்க்கிற முறையை விளக்கினார். பழசைத் தொடாதீங்க. பக்கத்துல ஒரு சின்ன இணைப்பு மென்பொருளை கிளவுட்ல வைங்க. அது பழைய பில்லைப் படிச்சு, தன்கிட்ட இருக்கிற வரி எண்ணையும் சேர்த்து, மைஇன்வாய்ஸுக்கு அனுப்பட்டும். அது நிலைச்ச பிறகு விலைப்பட்டியலை வெளியே எடுங்க, அப்புறம் வாடிக்கையாளர் கணக்கை. ஒவ்வொரு படியிலயும், தினமும் பில் போடுறவங்களைப் பக்கத்துல உட்கார வைங்க. எந்த ஒட்டு எதுக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் தொடங்குறதுக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. 2023 ஜூலையில ஜப்பான்ல நகோயா துறைமுகத்தோட கண்டெய்னர் அமைப்பை ரான்சம்வேர் முடக்கிச்சு. ரெண்டு நாளைக்கு மேல வேலை நின்னு போச்சு. அப்படி ஒண்ணு நடந்தா கைகொடுக்கிறது பேக்கப்தான். உங்க பேக்கப்பை எடுத்து வேற ஒரு கணினியில ஏத்தி, போன மாசத்து பில் ஒண்ணைத் திறந்து பாருங்க. திறக்கலைன்னா முதல்ல அதைச் சரி பண்ணுங்க. கிளவுட் விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.